வழியில் விடுபடும் தமிழ்: நிறுவிகளும் மொழிக் கோப்புகளும்

ஒரு மென்பொருளைக் கணினியிலோ கைப்பேசியிலோ கொண்டுவந்து வைக்கும் வேலையைச் செய்வது நிறுவி எனப்படும் நிரல். வழக்கில் இன்ஸ்டாலர் என்று சொல்லப்படும் இது, மென்பொருளின் பல நூறு கோப்புகளைத் தன்னுள் அடக்கி எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய கோப்புறையில் வைத்து, புதிய வரவை இயங்குதளத்தில் பதிவுசெய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அக்கோப்புகளுள் முக்கியமான ஒன்று குறைந்தால் மென்பொருள் திறக்கவே மறுக்கும்; ஆகவே குறை உடனே வெளிப்பட்டுத் திருத்தப்பட்டுவிடும். ஒரு வகைக் கோப்புகள் மட்டும் இதற்கு விலக்கு: அவை விடுபட்டாலும் மென்பொருள் எதுவும் நடவாததுபோல இயங்கிக்கொண்டிருக்கும். மெனு, பொத்தான், எச்சரிக்கை, தேதி, எழுத்துப்பிழைத் திருத்தம் ஆகியவற்றைப் பயனரின் மொழியில் தருவதற்குத் தேவையான மொழிக் கோப்புகளே அவை.

இதனால் நேரும் நிலை விந்தையானது. தன்னார்வலர்கள் பல மாதங்கள் உழைத்து ஒரு மென்பொருளைத் தமிழாக்கியிருப்பர். அத்தமிழாக்கம் மூலநிரலோடு முறைப்படி சேர்க்கப்பட்டுமிருக்கும். கிடைக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயரும் இருக்கும். ஆயினும் நிறுவி தன் வேலையை முடித்தபின் பயனர் திரையில் காண்பது ஆங்கிலம் மட்டுமே. அந்த மென்பொருளில் தமிழ் இல்லை என்று பயனர் முடிவுசெய்துவிடுவார். தம் உழைப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று மொழிபெயர்த்தவர் நம்பிக்கொண்டிருப்பார். நிறுவியை உருவாக்கியவருக்கோ முறையீடு எதுவும் வராது. இம்மூவருக்கும் நடுவில் காணாமற்போவது பெரும்பாலும் சில நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு கோப்பு. அது ஏன் விடுபடுகிறது, விடுபட்டதை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு திருத்துவது என்பவற்றை, ஆங்கிலம் அல்லாத மொழியில் கணினியைப் பயன்படுத்த விரும்பும் எவரும் அறிந்திருப்பது நன்று.

மொழிக் கோப்பு உருவாகும் விதம்

திரையில் தோன்றும் சொற்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால் மொழிக்கொரு நிரலை உருவாக்க வேண்டியிருக்கும். ஆகவே சொற்களை நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்புகளில் வைத்து, இயங்கும் நேரத்தில் பயனரின் மொழிக்கேற்ற கோப்பைத் திறந்து படிக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. கட்டற்ற மென்பொருள் உலகில் இதற்குப் பெரிதும் கையாளப்படுவது கெட்டெக்ஸ்ட் என்னும் கருவி. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் செயல்படுத்திய இம்முறைக்கு உல்ரிக் டிரெப்பர் எழுதிய குனு வடிவம் 1995இல் வெளிவந்து, லினக்ஸ் மென்பொருள்களில் பரவலாக நிலைபெற்றது.

இம்முறையில் ஒரு மொழிபெயர்ப்பு மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதலில், நிரலிலுள்ள ஆங்கிலத் தொடர்கள் அனைத்தும் திரட்டப்பட்டுப் பிஓடி என்னும் வார்ப்புருக் கோப்பு உருவாகிறது. மொழிபெயர்ப்பாளர் அதன் படியொன்றை எடுத்து, ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் கீழே தம் மொழியில் நிகர்த்தொடரை எழுதிப் பிஓ கோப்பாகச் சேமிக்கிறார். இது எவரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்பு. அதன்பின் எம்எஸ்ஜிஎஃப்எம்டி என்னும் கருவி, கணினி விரைந்து தேடுவதற்கேற்ற இருமக் கோப்பாக, அதாவது எம்ஓ கோப்பாக அதை மாற்றுகிறது. பயனரிடம் போய்ச்சேர வேண்டியது மூன்றாவதான இக்கோப்பே. லினக்ஸில் அது 'லொகேல்' என்னும் கோப்புறையின் கீழ், தமிழுக்குரிய 'டிஏ' என்னும் ஈரெழுத்துக் குறியீட்டைப் பெயராகக் கொண்ட உட்கோப்புறையில், மென்பொருள் எதிர்பார்க்கும் பெயரோடு இருக்க வேண்டும். பெயரிலோ இடத்திலோ ஓர் எழுத்து மாறினாலும் மென்பொருளின் கண்ணுக்கு அது தென்படாது.

பிற தொழில்நுட்பங்களில் பெயர்கள் வேறாயினும் அமைப்பு ஏறத்தாழ இதுவே. க்யூடி நூலகத்தைக் கொண்டு எழுதப்படும் மென்பொருள்களில் க்யூஎம் கோப்பும், மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் மொழிக்கொரு கோப்புறையில் வைக்கப்படும் துணைத் தொகுப்பும், ஆண்ட்ராய்டில் மொழிவாரியான சரக் கோப்பும் இதே வேலையைச் செய்கின்றன. இடைமுகச் சொற்களுக்கு அப்பாலும் மொழிக்கான கோப்புகள் உண்டு. எழுத்துப்பிழை திருத்தும் அகராதி, தேதியையும் எண்ணையும் அகர வரிசையையும் வகுக்கும் வட்டாரத் தரவு, எழுத்துரு, அச்சிட்ட பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தறியும் மென்பொருளுக்கான பயிற்சித் தரவு ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் எதுவும் நிறுவியின் கையிலிருந்து நழுவக்கூடும்.

பிழை ஏன் ஓசையின்றி நிகழ்கிறது

மொழிக் கோப்பு கிடைக்காதபோது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட விடை, கிடைக்கும் மொழிக்கு இறங்கிக்கொள்வது என்பதாகும். கெட்டெக்ஸ்டிடம் ஒரு தொடருக்குத் தமிழாக்கம் கேட்கப்பட்டு, தமிழ்க் கோப்பு இல்லையெனில், கேட்கப்பட்ட ஆங்கிலத் தொடரையே அது திருப்பித் தந்துவிடும். டாட்நெட்டில் இது படிப்படியாக நிகழும்: இந்தியத் தமிழுக்கான கோப்பை முதலில் தேடி, இல்லையெனில் பொதுத் தமிழுக்கான கோப்பைத் தேடி, அதுவும் இல்லையெனில் நிரலின் அடிப்படை மொழிக்குச் செல்லும். பாதி மொழிபெயர்க்கப்பட்ட மென்பொருள்கூடப் பயன்பட வேண்டும், ஒரு தொடர் குறைந்ததற்காக முழு மென்பொருளும் நின்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுந்த ஏற்பாடு இது; அந்த அளவில் சரியானதும்கூட. ஆனால் கோப்பே வந்து சேராத நிலையையும், மொழிபெயர்ப்பாளர் ஒரு தொடரை விட்டுவைத்த நிலையையும், பயனர் தாமே ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்த நிலையையும் திரையில் ஒன்றுபோலவே காட்டிவிடுவதால், குறை இருப்பதே மறைந்துபோகிறது.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு டெசராக்ட் என்னும் எழுத்துணரி. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் 1980களில் உருவாகத் தொடங்கி, 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட இது, தமிழ்ப் பக்கத்தைப் படிப்பதற்குத் தமிழ்ப் பயிற்சித் தரவுக் கோப்பைக் கேட்கும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் டெசராக்டை நிறுவினால் ஆங்கிலத் தரவு மட்டுமே உடன்வரும். தமிழ்த் தரவைத் தனித் தொகுப்பாக நிறுவிக்கொள்ள வேண்டும். அதை மறந்துவிட்டுத் தமிழைக் கேட்டால் டெசராக்ட் ஆங்கிலத்துக்கு இறங்கிப்போவதில்லை. மொழித் தரவை ஏற்ற முடியவில்லை என்று வெளிப்படையாக அறிவித்து நின்றுவிடும். பயனருக்கு அது எரிச்சலூட்டினாலும், என்ன குறைகிறது என்பது அந்த ஒற்றை வரியிலேயே தெரிந்துவிடுவதால் சில நிமிடங்களில் சரிசெய்ய முடிகிறது. இரண்டு மென்பொருள்களிலும் குறை ஒன்றே. ஒன்று அதைச் சொல்கிறது, மற்றொன்று சொல்வதில்லை. நிறுவிகளைத் திருத்தும் முயற்சி முழுவதும் இந்த வேறுபாட்டையே சுற்றிச் சுழல்கிறது.

ஓசையின்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மென்பொருளை எழுதுபவரின் கணினியில் மொழிக் கோப்புகள் ஏற்கெனவே இருக்கும். எப்போதோ உருவாக்கப்பட்ட எம்ஓ கோப்புகள் பணிக் கோப்புறையிலேயே தங்கியிருக்கும். நிறுவியைச் சோதிப்பவரும் பெரும்பாலும் அதே கணினியில், அதுவும் ஆங்கிலத்தில், சோதித்துவிட்டு நிறைவடைந்துவிடுவார். புத்தம்புதிய கணினியில், தமிழைத் தேர்ந்தெடுத்து, முதன்முதலாகத் திறந்துபார்ப்பவர் பயனராகவே இருக்கிறார்.

விடுபடும் வழிகள்

விடுபடும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, பட்டியலில் சேராமை. எந்தெந்தக் கோப்புகளை எடுத்துச்செல்ல வேண்டும் என்று நிறுவிக்குச் சொல்லும் பட்டியலை யாரேனும் ஒருவர் கையால் எழுதுகிறார். கெட்டெக்ஸ்டைப் பயன்படுத்தும் பல மென்பொருள்களில் லிங்குவாஸ் என்னும் சிறு கோப்பில் மொழிக் குறியீடுகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தமிழ்ப் பிஓ கோப்பு முழுமையாக முடிந்து உரிய இடத்தில் வைக்கப்பட்டிருந்தாலும், இவ்வரிசையில் 'டிஏ' சேர்க்கப்படாவிட்டால் அது எம்ஓ கோப்பாக மாறவும் மாறாது, நிறுவப்படவும் மாட்டாது. விண்டோசுக்கான நிறுவிகளை உருவாக்கும் இன்னோ செட்டப் கருவியில் ஒரு கோப்புறையை முழுவதுமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும்போது, உட்கோப்புறைகளுக்குள்ளும் செல்ல வேண்டும் என்று தனியே குறிப்பிடாவிட்டால் அது மேல்நிலைக் கோப்புகளோடு நின்றுவிடும். மொழிக் கோப்புகளோ மொழிக்கொரு உட்கோப்புறையில் இருப்பவை. மேல்நிலையில் ஏதேனும் ஒரு கோப்பு இருந்துவிட்டால் கருவி அதை மட்டும் எடுத்துக்கொண்டு, குறையேதும் சொல்லாமல் நிறுவியை உருவாக்கித் தந்துவிடும்.

இரண்டாவது, கருவியின் பார்வைக்கு அகப்படாமை. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரலைத் தனித்து இயங்கும் மென்பொருளாகக் கட்டித்தரும் பைஇன்ஸ்டாலர், நிரலில் உள்ள இறக்குமதிக் கூற்றுகளைப் பின்தொடர்ந்து, எந்த நிரற்கூறுகள் தேவை என்பதைத் தானே கண்டுபிடிக்கிறது. மொழிக் கோப்புக்கு நிரலில் அவ்வாறு நேரடிக் குறிப்பு இருப்பதில்லை. பயனரின் மொழி எது என்று இயங்கும் நேரத்தில் அறிந்தபின்னரே கோப்பின் பெயர் அமைக்கப்படுகிறது. ஆகவே நிரலை எவ்வளவு நுணுகிப் படித்தாலும் அக்கருவிக்கு அது புலப்படாது. தரவுக் கோப்பாகத் தனியே சுட்டிக்காட்ட வேண்டும். க்யூடியின் விண்டோஸ் துணைக்கருவியும் க்யூடி நூலகத்தின் சொந்த மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துக்கொள்ளுமே தவிர, அதைக் கொண்டு எழுதப்பட்ட மென்பொருளின் மொழிபெயர்ப்புகளைச் சேர்ப்பது மென்பொருள் ஆசிரியரின் பொறுப்பு. 'சரி', 'ரத்து' போன்ற பொதுப் பொத்தான்கள் மட்டும் பயனர் மொழியில் வந்து, மற்றவை யாவும் ஆங்கிலத்தில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இவ்வகையில் அடிக்கடி நேர்வது மூலநிரற் களஞ்சியம் தொடர்பான பிழை. மூலத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், எம்ஓ கோப்புகளைக் களஞ்சியத்தில் சேர்க்காமல் விலக்கிவைப்பது பைத்தான் திட்டங்களில் பரவலான வழக்கம். வெளியீட்டுக்கான தொகுப்பைத் தானியங்கிச் சேவையகம் ஒன்று களஞ்சியத்திலிருந்து புதிதாக எடுத்து உருவாக்கும்போது, பிஓ கோப்புகளை எம்ஓ கோப்புகளாக மாற்றும் படி அதன் செயல்வரிசையில் இல்லையெனில், எழுதியவரின் கணினியில் சரியாக இயங்கிய மென்பொருள் வெளியீட்டில் மொழியிழந்து நிற்கும்.

வேண்டுமென்றே விடுக்கப்படுதல் மூன்றாவது வழி. தமிழ்ப் பயனர்கள் நெடுங்காலம் அனுபவித்தது இதுவே. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி தமிழைக் கையாளும் திறன் கொண்டிருந்தும், அதற்கான கோப்புகள் ஆங்கிலப் பதிப்பில் இயல்பாக நிறுவப்படவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழித் தெரிவுகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் குறியிட்டு, விண்டோஸ் குறுவட்டை இட வேண்டியிருந்தது. இந்திய மொழிகள், அரபு, ஈப்ரு, தாய் முதலான அனைத்துக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட இடம் 10 எம்பி அளவு என்று அதே திரை அறிவித்தது. கிழக்காசிய மொழிகளுக்கு 230 எம்பி. ஒருங்குறி முறையில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுவதால், 'கெ' என்பதில் கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வரைவதற்கு இக்கோப்புகள் தேவை. அவை இல்லாத கணினிகளில் தமிழ் இணையப் பக்கங்கள் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம்மாறிய எழுத்துகளாகவோ தோன்றின. குறுவட்டு கைவசம் இல்லாதவர்களுக்கும் பொதுக் கணினி நிலையங்களில் அமர்ந்தவர்களுக்கும் இதைச் சரிசெய்வது எளிதாக இருக்கவில்லை. விண்டோஸ் விஸ்டாவில் இக்கோப்புகள் இயல்பாகவே நிறுவப்பட்டபின் இச்சிக்கல் முடிவுக்கு வந்தது.

அளவைக் குறைப்பதற்காக மொழியை விடும் இந்தப் பழக்கம் அத்தோடு மறைந்துவிடவில்லை. சேவையகங்களில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் ஜேஎஸ், 2019 அக்டோபரில் வெளிவந்த 13ஆம் பதிப்புக்கு முன்புவரை, இயல்பான வெளியீடுகளில் ஆங்கில வட்டாரத் தரவை மட்டுமே உள்ளடக்கியிருந்தது. தமிழில் தேதியைக் கேட்ட நிரலுக்கு ஆங்கிலத் தேதியே கிடைத்தது. கன்டெய்னர் எனப்படும் தனித்த இயக்கச் சூழல்களுக்காக உபுண்டு வெளியிடும் சுருக்கப் படிமத்தில், தொகுப்புகளிலுள்ள எம்ஓ கோப்புகளை வட்டில் எழுதாமல் விடும்படி டிபிகேஜி என்னும் நிறுவு கருவிக்கே விதி எழுதப்பட்டிருக்கிறது. அச்சூழலில் ஒரு மென்பொருளை எத்தனை முறை மீள நிறுவினாலும் அதன் மொழிபெயர்ப்புகள் வந்து சேரா.

இன்று மிகப் பலரைத் தொடுவது ஆண்ட்ராய்டில் நிகழும் விடுபடல். கூகுள் 2018இல் அறிமுகப்படுத்தி, 2021 ஆகஸ்டு முதல் புதிய செயலிகளுக்குக் கட்டாயமாக்கிய ஆப் பண்டில் முறையில், செயலி முழுமையாகத் தரவிறக்கப்படுவதில்லை. திரையின் அடர்த்தி, செயலகத்தின் வகை, கைப்பேசியில் அமைக்கப்பட்ட மொழி ஆகியவற்றுக்கு உரிய பகுதிகள் மட்டுமே பிரித்து அனுப்பப்படுகின்றன. கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட செயலியை மட்டும் தமிழில் பயன்படுத்த விரும்புவோர் பலர் உள்ளனர். அவர்களுக்காகச் செயலிக்குள்ளேயே மொழித் தேர்வும் வைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் கைப்பேசியின் மொழி ஆங்கிலமாக இருப்பதால் தமிழ்ப் பகுதி தரவிறக்கப்பட்டிருக்காது; தமிழைத் தொட்டாலும் திரை மாறாது. செயலி எழுதியவரின் சோதனைக் கைப்பேசியில், நேரடியாகக் கட்டப்பட்ட முழுச் செயலி இருப்பதால், அங்கே இக்குறை தோன்றுவதே இல்லை.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

திருத்துவதற்கு முன் என்ன குறைகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்குத் திரையே நல்ல சான்று. இடைமுகம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தால் மொழிக் கோப்பு வரவில்லை, அல்லது தவறான இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். சில தொடர்கள் தமிழிலும் சில ஆங்கிலத்திலும் இருந்தால், கோப்பு வந்திருக்கிறது, ஆனால் மொழிபெயர்ப்பு முற்றுப்பெறவில்லை, அல்லது பழைய பதிப்பின் கோப்பு புதிய பதிப்போடு தங்கிவிட்டது என்று பொருள். எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால் குறை எழுத்துருவில். எழுத்துகள் தெரிந்து கொம்பும் காலும் இடம்மாறியிருந்தால் குறை எழுத்துகளைக் கோத்து வரையும் பொறியில். சொற்கள் தமிழில் இருந்து, மாதத்தின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் வந்தால் குறை வட்டாரத் தரவில். இவ்வாறு பிரித்துக்கொண்டால் தேடவேண்டிய இடம் பெரிதும் சுருங்கிவிடும்.

அடுத்து, மென்பொருள் எங்கே தேடுகிறது என்பதை அதன் வாயிலாகவே அறிய வேண்டும். லினக்ஸில் எஸ்ட்ரேஸ், விண்டோசில் பிராசஸ் மானிட்டர் ஆகிய கருவிகள், ஒரு நிரல் திறக்க முயலும் ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையையும், அது கிடைத்ததா இல்லையா என்பதையும் பதிவுசெய்கின்றன. அப்பதிவில் தமிழ்க் கோப்பின் பெயர் தென்பட்டு, எதிரே 'இல்லை' என்று இருந்தால், எந்தக் கோப்பு, எந்தப் பெயரில், எந்த இடத்தில் வேண்டும் என்பது ஐயமறத் தெரிந்துவிடும். பலமுறை கோப்பு இருந்தும் பெயர்தான் பிழையாக இருக்கும்: அடிக்கோடு வரவேண்டிய இடத்தில் இணைப்புக்குறி இருக்கலாம், பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதாத விண்டோசில் சரியாக இயங்கியது, அவற்றை வேறாகக் கருதும் லினக்ஸில் இயங்காமற்போகலாம். தமிழ்க் கோப்பின் பெயரே பதிவில் இல்லையெனில், பயனரின் மொழி எது என்பதை மென்பொருள் அறியவில்லை என்று பொருள். லினக்ஸில் தமிழ் வட்டார அமைப்பு உருவாக்கப்படாமல் இருந்தால், எம்ஓ கோப்பு உரிய இடத்தில் இருந்தும் கெட்டெக்ஸ்ட் அதைத் தேடிச்செல்லாது.

பயனர் செய்யக்கூடியவை

நிறுவி திருத்தப்படும்வரை காத்திராமல் பயனர் தாமே சரிசெய்துகொள்ளக்கூடிய நேர்வுகள் பல. லிப்ரெஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருளின் விண்டோஸ் நிறுவியில் எல்லா மொழிகளும் அடங்கியிருந்தும், வழக்கமான முறையில் நிறுவும்போது கணினியின் மொழிக்கு ஏற்றவை மட்டுமே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆகவே நிறுவியை மீண்டும் இயக்கி, மாற்றியமைக்கும் வழியைத் தேர்ந்து, இடைமுக மொழிகளின் பட்டியலிலும் அகராதிகளின் பட்டியலிலும் தமிழைக் குறியிட்டால் போதும். லினக்ஸுக்கு அதே மென்பொருளின் மொழித் தொகுப்பு தனியே தரப்படுகிறது. மென்பொருளின் பதிப்பெண்ணும் தொகுப்பின் பதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே அங்கு கவனிக்க வேண்டியது. உபுண்டுவில் இணைய இணைப்பின்றி நிறுவியிருந்தால் மொழித் தொகுப்புகள் அரைகுறையாக நிற்கும். பின்னர் மொழி ஆதரவுப் பகுதியைத் திறந்தால், குறைபவற்றைச் சுட்டிக்காட்டி நிறுவிக்கொள்ள அது வழிசெய்யும். பிளாட்பேக் முறையில் வரும் செயலிகள் கணினியில் அமைக்கப்பட்ட மொழிகளின் பகுதிகளை மட்டுமே இறக்குவதால், பிளாட்பேக்கின் அமைப்பில் தமிழையும் சேர்த்துப் புதுப்பித்தால் விடுபட்டவை வந்துவிடும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தை முதலாவதாக விட்டுவைத்துத் தமிழை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டியலிலுள்ள எல்லா மொழிகளின் பகுதிகளையும் பிளே ஸ்டோர் தரவிறக்குவதால், கைப்பேசி ஆங்கிலத்திலேயே இருக்க, செயலிக்குத் தமிழ் கிடைத்துவிடும். டெசராக்ட் பயன்படுத்துவோர் தமிழ்த் தரவுக் கோப்பை டெஸ்டேட்டா கோப்புறையில் வைப்பதோடு, அக்கோப்புறையைச் சுட்டும் சூழல் மாறியையும் சரிபார்க்க வேண்டும்; 3ஆம் பதிப்பு வரை அம்மாறி டெஸ்டேட்டாவின் தாய்க் கோப்புறையைச் சுட்டியது, 4ஆம் பதிப்பு முதல் டெஸ்டேட்டாவையே சுட்ட வேண்டும் என்று ஆனது. பழைய வழிகாட்டியைப் பின்பற்றிய பலர் கோப்பை வைத்தும் பயன்பெறாமற்போவதற்கு இம்மாற்றம் காரணமாகிறது.

நிறுவியைத் திருத்துதல்

பயனர் தம் கணினியில் சரிசெய்துகொள்வது ஒருவருக்கான தீர்வு; நிறுவியைத் திருத்துவதே அனைவருக்குமான தீர்வு. விடுபட்ட ஒரு மொழியைப் பட்டியலில் எழுதிச் சேர்ப்பது முதலில் தோன்றும் வழி. அன்றைய குறை அதனால் தீர்ந்தாலும், அடுத்து வரும் மொழிக்கு அதே கதி நேரும். ஆகவே பட்டியலைக் கையால் எழுதும் வழக்கத்தைக் கைவிட்டு, மொழிபெயர்ப்புக் கோப்புறையில் உள்ளவற்றைக் கொண்டு பட்டியலைத் தானாக உருவாக்கும்படி அமைப்பதே முறையான திருத்தம். உட்கோப்புறைகளையும் உள்ளடக்கும் குறிப்பை இன்னோ செட்டப்பில் சேர்ப்பது, பைத்தான் தொகுப்பில் தரவுக் கோப்புகளை உடன்சேர்க்கும் அறிவிப்பை எழுதுவது, எம்ஓ கோப்புகளை உருவாக்கும் படியை வெளியீட்டுச் செயல்வரிசையில் கட்டாயமாக்குவது, மொழிவாரிப் பிரிப்பை ஆண்ட்ராய்டு செயலியின் கட்டமைப்பில் நிறுத்திவைப்பது அல்லது பயனர் தேர்ந்தெடுத்ததும் அம்மொழிப் பகுதியை வரவழைப்பது ஆகியவை இத்திருத்தத்தின் வெவ்வேறு வடிவங்கள்.

இதைவிட முக்கியமானது, கோப்பு இல்லாமையை நிறுவி உருவாகும்போதே பிழையாக அறிவிக்கச் செய்வது. ஃபெடோரா முதலான லினக்ஸ் வழங்கல்களில் கையாளப்படும் ஆர்பிஎம் தொகுப்பு முறையில் 'ஃபைண்ட் லாங்' என்னும் கட்டளை இதற்கு நல்ல முன்மாதிரி. மென்பொருளின் மொழிக் கோப்புகளைத் தானே தேடித் திரட்டிப் பட்டியலிடும் அக்கட்டளை, ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் பிழையைச் சொல்லித் தொகுப்பு உருவாவதையே நிறுத்திவிடும். இதற்கு நேர்மாறானது, மூலக் கோப்பு இல்லையெனில் பொருட்படுத்தாமல் கடந்து செல்லும்படி இன்னோ செட்டப்பில் இடப்படும் குறிப்பு; நெருக்கடியான நேரத்தில் யாரோ சேர்த்துவிட்ட அந்த ஒரு சொல், பின்வரும் எல்லா வெளியீடுகளிலும் விடுபடலை மறைத்துக்கொண்டிருக்கும். மொழிக் கோப்புகளுக்கான வரிகளிலிருந்து அதை நீக்குவதே பல நிறுவிகளுக்குப் பாதித் திருத்தம்.

சோதனையும் பெரிய செலவு பிடிப்பதன்று. களஞ்சியத்தில் எத்தனை மொழிகளுக்குப் பிஓ கோப்புகள் இருக்கின்றன, உருவான தொகுப்பில் எத்தனை மொழிகளுக்கு எம்ஓ கோப்புகள் இருக்கின்றன என்று எண்ணி ஒப்பிடும் சிறு நிரல் ஒன்றை வெளியீட்டுச் செயல்வரிசையில் சேர்த்து, எண்ணிக்கை பொருந்தாவிட்டால் வெளியீட்டைத் தடுத்துவிடலாம். அதற்கு மேலும் உறுதி வேண்டுமெனில், எதுவும் நிறுவப்படாத மெய்நிகர்க் கணினியில் நிறுவியை இயக்கி, ஆதரிக்கப்படும் ஒவ்வொரு மொழியிலும் மென்பொருளைத் திறந்து, குறிப்பிட்ட ஒரு தொடர் ஆங்கிலத்திலிருந்து மாறியிருக்கிறதா என்று தானியங்கியாகப் பார்க்கலாம். சோதிப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. பழைய பதிப்பின்மேல் புதியதை நிறுவும் நேர்வையும் இச்சோதனையில் சேர்த்துக்கொண்டால், பழைய மொழிக் கோப்பு தங்கிவிடும் குறையும் பிடிபடும்.

அளவு என்னும் வாதம்

எல்லா மொழிகளையும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமா என்ற வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டிலும் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டிலும் அமைவதால், தமிழ்க் கோப்பு ஆங்கிலக் கோப்பைவிடப் பெரியதாகவே இருக்கும். பெரிய மென்பொருளுக்குப் பல பத்து மொழிகள் இருந்தால் மொத்த அளவு பொருட்படுத்தத்தக்கதாகிறது. தரவுச் செலவை எண்ணிச் செயலியை இறக்குபவருக்கும், ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை இயக்குபவருக்கும் ஒவ்வொரு மெகாபைட்டும் கணக்கில் வருவதே. ஆகவே மொழிகளைப் பிரித்து அனுப்புவதைத் தவறென்று சொல்ல முடியாது. பிரித்ததைப் பயனருக்குச் சொல்லாமல் விடுவதும், பின்னர் அவர் கேட்கும்போது வரவழைக்க வழியில்லாமல் செய்வதுமே தவறு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2019 ஜனவரியில் வெளிவந்த 65ஆம் பதிப்பு முதல், கூடுதல் மொழியை அமைப்புப் பக்கத்திலிருந்தே தேர்ந்து இறக்கிக்கொள்ளும் வசதியைத் தந்தது. அடிப்படைத் தொகுப்பு சிறியதாக இருந்தும் எந்த மொழிக்கும் கதவு அடைபடாமல் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

மொழிக் கோப்பு கிடைக்காதபோது ஆங்கிலத்துக்கு இறங்கிக்கொள்ளும் ஏற்பாடு பயனரின் வேலை தடைபடாமலிருக்க வகுக்கப்பட்டது. அது அவ்வாறே தொடரலாம். ஆனால் அதே ஏற்பாடு மென்பொருளை உருவாக்குபவரின் கண்ணையும் மறைக்கும்போது, பிழை ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்த வெளியீட்டுக்குத் தொடர்ந்துகொண்டே செல்கிறது. பயனரின் திரையில் மென்மையாகவும், உருவாக்குபவரின் திரையில் உரக்கவும் பேசும் நிறுவியே நல்ல நிறுவி. அத்தகைய நிறுவிகள் பெருகும்வரை, தமிழாக்கம் செய்வோர் பிஓ கோப்பை ஒப்படைத்ததோடு பணி முடிந்ததாகக் கொள்ளாமல், அடுத்த வெளியீட்டின் நிறுவியைப் புதிய கணினி ஒன்றில் இயக்கிப் பார்ப்பதையும், குறை கண்டால் எந்தக் கோப்பு எந்தப் பாதையில் இல்லை என்பதைக் குறிப்பிட்டு முறையிடுவதையும் தம் பணியின் இறுதிப் படியாகக் கொள்வது பயன்தரும். 'தமிழ் வரவில்லை' என்னும் பொதுவான முறையீட்டைவிட, பாதையோடு கூடிய ஒரு வரி விரைவில் திருத்தமாக மாறும்.